படம் எடுக்க முடியாத உதவி

அக்கா,

காலையில் என் மனைவியின் கையில் கொதிக்கும் எண்ணெய் தெறித்துவிட்டது. தீப்புண் களிம்பைப் பிதுக்கினேன். அந்த வாடைக்கு உங்கள் வார்டுக்குள் நிற்பதுபோல் இருந்தது.

சிவகாசியில் தீக்காய வார்டுக்கு நீங்கள் தலைமை நர்சாக இருந்த வருடங்களில், உங்கள் ஆஸ்பத்திரிக்கு நன்கொடை தரும் விருதுநகர் வியாபாரிகள் அறக்கட்டளையில் நான் மேனேஜர். ஒரு தீபாவளி சீசனில் நாரணாபுரத்தில் பட்டாசு ஷெட் வெடித்து, காயப்பட்டவர்களை வேனில் கொண்டுவந்தார்கள். அலமாரி நிறைய மருந்து இருந்தது. சாவியோ, ஆமத்தூர்க் கல்யாணத்துக்குப் போன ஸ்டோர்கீப்பரிடம். பூட்டை உடைத்தீர்கள். அதற்குள் ஒரு பெண் கத்திக் கத்தி ஓய்ந்துபோயிருந்தாள்.

மறுவாரம் எங்கள் கமிட்டி முன்னால் வந்து நின்றீர்கள். வார்டை நிர்வகிக்க நர்சுகளுக்குப் பயிற்சி வேண்டும் என்றீர்கள்: யாருக்கு எப்போது டூட்டி, எந்த மருந்து எப்போது தீரும், ஆள் இல்லாத நாளில் யார் பொறுப்பு. தலைவருக்குப் பிடிபடவில்லை.

“கட்டில் கேளுங்கம்மா, பேரு போட்டுத் தாரோம். வகுப்புல எங்கன பேரு எழுத?”

“கட்டிலு அம்புட்டும் இருக்குங்கய்யா. வார்ட நடத்தத்தான் படிக்கணும்.”

ஒரு வருடத்துக்குச் சம்மதித்தார்கள். மதுரையிலிருந்து ஒருவர் சனிக்கிழமைதோறும் வந்து ஆறு நர்சுகளுக்கு வகுப்பெடுத்தார். அடுத்த சீசனில் மறுபடி விபத்து. அன்று நானும் அங்கிருந்தேன். யாரும் யாரையும் கத்திக் கூப்பிடவில்லை. அவரவர் வேலை அவரவருக்குத் தெரிந்திருந்தது. எல்லோருக்கும் கட்டுப் போட்டு முடிந்ததும் நீங்கள் சுவரில் சாய்ந்து, “இம்புட்டுத்தான் தம்பி நான் கேட்டேன்” என்றீர்கள்.

இரண்டாம் வருடத்துக்கு விண்ணப்பித்தபோது, பலனைக் காட்ட போட்டோ கேட்டது கமிட்டி. எதைப் படம் எடுப்பது? அன்று வார்டைக் கண்ணால் பார்த்தவன் கமிட்டி அறையில் நான் ஒருவன்தான். வாய் திறக்கவில்லை. மறுப்புக் கடிதத்தையும் நானே டைப் செய்து, நானே கொண்டுவந்து கொடுத்தேன்.

படித்துவிட்டு மடித்து வைத்தீர்கள். “நீங்க என்ன செய்வீக தம்பி. சாப்பிட்டீகளா?”

அதன்பிறகு டூட்டி முடிந்து நீங்களே வகுப்பெடுத்தீர்கள். பழகிய நர்சுகள் ஒவ்வொருவராக வெளிநாட்டு வேலைக்குப் போக, புதியவர்களுக்கு மறுபடி முதலிலிருந்து. வீங்கிய காலோடு, நின்றுகொண்டே. ஓய்வு பெறும் முன்பே கண்ணை மூடிவிட்டீர்கள்.

போன வாரக் கமிட்டிக் கூட்டத்தில் வேறோர் ஆஸ்பத்திரி இதே பயிற்சிக்கு உதவி கேட்டிருந்தது. எழுந்து நின்று, அன்று பார்த்ததையெல்லாம் சொன்னேன். இத்தனை வருடம் கழித்து. “அடுத்த மாசம் பாப்போம்” என்றார்கள்.

களைப்பாக இருக்கிறது, அக்கா. அடுத்த மாதமும் எழுந்து சொல்வேன்.