வயலட் மையில் வந்த கடிதம்

காலையில் ஹால் சுவரில் மாட்டியிருக்கும் கண்ணாடிச் சட்டத்தைத் துடைத்தேன். உள்ளே நீங்கள் எனக்கு எழுதிய கடிதம். ஜன்னல் வெயில் விழும் அடிப்பகுதியில் கடைசி இரண்டு வரிகளைக் காணோம். தூசியாக்கும் என்று இன்னும் அழுத்தித் துடைத்தேன். கூறுகெட்டவள். போனது மை.

எந்த மை வாங்கினாலும் உங்களுக்குச் சோதனை வைத்தாக வேண்டும். துண்டுத் தாளில் நாலு வரி எழுதி, கட்டைவிரலால் தேய்த்து, திருப்பிப் பின்பக்கம் ஊறியிருக்கிறதா என்று பார்ப்பீர்கள். அப்புறம் பாதித் தாளை அட்டையால் மூடி, மொட்டைமாடி வெயிலில் ஒரு மாதம் போட்டுவைப்பீர்கள். என் வடகத்துக்குப் பக்கத்தில் உங்கள் தாள் காயும். "பொண்ணு பாக்க வந்தப்பகூட இம்புட்டு யோசிக்கலையே!" என்பேன். சிரிப்பீர்கள்.

நான் ஆசையாக வாங்கிவந்த வயலட் மையையும் நீங்கள் விடவில்லை. மாதம் முடிந்ததும் வெளுத்த தாளை நீட்டி, "பகட்டுதான் புள்ள. வெயிலுக்கு நிக்காது" என்றீர்கள். எனக்கு வந்ததே கோபம்! இரண்டு நாள் முகம்கொடுத்துப் பேசவில்லை. அந்தக் கோபத்தோடுதான் நெய்க்காரப்பட்டிப் பள்ளி வேலைக்கு உங்களை அனுப்பினேன். அங்கிருந்து அதே வயலட்டில் கடிதம் வந்தது. "நிக்காதுன்னு தெரிஞ்சுதான் எழுதுறேன். உனக்குப் பிடிச்ச கலராச்சே. சனிக்கிழமை வாரேன். வெஞ்சனம் பெரிசா ஒண்ணும் வேணாம், செத்த நேரம் எங்கூட உக்காரு."

நான் எங்கே உட்கார்ந்தேன்? பொரியல், கூட்டு என்று மூன்று வெஞ்சனம் வைத்தேன். ஜெயித்த மிதப்பில் கடிதத்துக்குச் சட்டம் போட்டு ஜன்னலுக்கு எதிரே மாட்டினேன். நீங்கள் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தீர்கள். சொல்லித் தொலைத்திருக்கலாமே!

வீட்டுக் கணக்கு நோட்டில் உங்கள் ப்ளூ பிளாக் மை இன்றைக்கும் கெட்டியாக நிற்கிறது. சிலிண்டர் மாற்றிய நாள், மோட்டார் ரிப்பேர், எல்லாம் நேற்று எழுதிய மாதிரி. அதை வைத்து நான் என்ன செய்ய? அதில் ஓரிடத்திலும் நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை.

மகள் போனில் படம் எடுத்துக்கொண்டு, "இனிமே வெளிச்சம் படாம பீரோவுல வையிம்மா. மிச்சமாச்சும் நிக்கும்" என்றாள். நியாயம்தான். துணியில் சுற்றிப் பூட்டினேன். அரிசி களையப் போனவள் பாதியில் திரும்பிவிட்டேன். அந்த வெறும் சுவரைத் தாங்க முடியவில்லை. உங்களைத் தேடுகிறது எனக்கு, ரொம்பத் தேடுகிறது.

எடுத்து அதே ஆணியில் மாட்டிவிட்டேன். மிச்சமும் போகும், தெரியும். உங்களை இருட்டில் வைத்துப் பூட்ட என்னால் ஏலாது. இன்று அடுப்பு பற்றவைக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உங்களோடு உட்கார்ந்திருக்கிறேன்.