நல்ல நுரையீரல்

செவ்வாய், இரவு

சனிக்கிழமை மருத்துவ மாநாட்டில் நான் முதல்முறையாகக் கட்டுரை வாசிக்க வேண்டும். எண்ணூர்ப் பக்கம் நிலக்கரித் தூசியில் வேலை செய்பவர்களின் நுரையீரல் பற்றியது. இன்று எங்கள் துறைத்தலைவர் மேடம் முன்னால் ஒத்திகை பார்த்தேன்.

அவர்களுடைய எக்ஸ்ரேக்களோடு ஒப்பிட்டுக் காட்ட ஒரு நல்ல நுரையீரல் தேவைப்பட்டது. அதற்காக அண்ணனை அழைத்துப்போய்ப் படம் எடுத்திருந்தேன். காசிமேட்டில் மீன் வண்டி ஓட்டுகிறவன். பீடிகூடத் தொட்டதில்லை.

அந்தப் படம் வந்ததும் மேடம் எழுந்து திரைக்கு அருகில் போனார்.

"இதயத்துக்குப் பின்னாடி பாரும்மா. இது நார்மல்னு யார் சொன்னது?"

நான்தான் சொன்னேன். அங்கே சின்னதாக ஒரு நிழல் இருந்தது. எத்தனையோ முறை பார்த்தும் என் கண்ணில் படாத நிழல்.

யாருடைய படம் என்று கேட்டார். சொன்னதும் அவர் குரல் தணிந்தது. "நாளைக்கே சிடி ஸ்கேன் எடுத்துடு. ஒண்ணுமில்லாமலும் இருக்கலாம்."

வீட்டுக்கு வந்ததும், சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணனிடம் பொய் சொன்னேன். எக்ஸ்ரே மெஷினில் கோளாறு, திரும்ப எடுக்க வேண்டும் என்றேன்.

"மாநாட்டுல காட்டப்போற போட்டோ ஆச்சே, ஷேவ் பண்ணிகினு வர்ட்டா?" என்று சிரித்தான். நானும் சிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவன் தட்டைத் தள்ளி வைத்தான்.

"மெஷின்தான் ரிப்பேருன்னா நீ ஏம்மா அழுவுற?"

அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். இன்னும் வெளியே போகவில்லை. கூடத்தில் விளக்கு எரிகிறது. அவனும் தூங்கவில்லை.