ஒருவர் அப்பாவை மற்றவர் கூப்பிட்டோம்

என் மறுமுனைக்காரா, அன்பு மெஹாரி,

உன் செத்தவீட்டில் நான் பாதியில் எழுந்து போனேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சாமியார் மூச்சுக்கு மூச்சு யோனாஸ், யோனாஸ் என்று செபித்தார். தேவாலயம் மாறி வேறு யாருக்கோ அழுதுகொண்டிருக்கிறேன் என்று நினைத்துவிட்டேன். வாசலில் உன் மகன் சாமுவேல் மறித்தான்.

"எங்கை அங்கிள் போறியள்? யோனாஸ்தான் எங்கடை அப்பா. மெஹாரி அப்பான்ரை அப்பா."

சலவைக்கூடத்தில் எத்தனை வருடம் ஒரே விரிப்பின் இரண்டு முனையில் நின்று மடித்தோம். உன் சட்டையில் குத்திய அட்டையில் யோனாஸ் மெஹாரி என்று இருந்தது. எங்களுக்குத் தகப்பன் பெயர் முன்னால், ஆளின் பெயர் பின்னால். ஆகவே நீ மெஹாரி. என் அட்டையில் செல்லையா தவராசா. உங்கள் எரித்திரியாவில் ஆள் முன்னால், தகப்பன் பின்னால். ஆகவே நான் செல்லையா. மெஷின் இரைச்சலுக்கு மேலால் கத்தி, ஒருவர் அப்பாவை மற்றவர் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறோம்.

நீ ஏன் திருத்தவில்லை? சாமுவேல் கேட்டதற்கு நீ சொன்னாயாம்: "எங்கடை அப்பாவை லண்டனிலை பேர் சொல்லிக் கூப்பிட ஒருத்தன் இருக்கிறான். விடு, கூப்பிடட்டும்." சரியான கள்ளன் நீ.

நான் ஏன் திருத்தவில்லை என்று கேட்காதே.

இப்போது உன் முனையில் ஒரு பிள்ளை நிற்கிறாள். நன்றாக மடிக்கிறாள், காதுக்குள் பாட்டு. கண்ணைக் காட்டினால் போதும், பேச்சுத் தேவையில்லை. என் பிள்ளைகள் லண்டனின் மற்ற அந்தம், குட்மேய்ஸ் பக்கம் போய்விட்டார்கள். போனில் அப்பா என்கிறார்கள். செல்லையா என்று கூப்பிட ஒருவரும் இல்லை. போனவன் தனியே போயிருக்கலாம், என் அப்பாவையும் ஏன் கூட்டிக்கொண்டு போனாய்?

இன்னொன்று யோசித்தாயா? இந்த நாட்டுக் காகிதத்தில் கடைசியில் நிற்கிற பெயர்தான் குடும்பப் பெயர். என் வீட்டில் பேரப்பிள்ளை வரை எல்லாரும் தவராசா. செல்லையா என்னோடு சரி. உன் வீட்டில் எல்லாரும் மெஹாரி. அஸ்மாராவைத் தாண்டாத உன் அப்பா இங்கே பள்ளிக்கூடம், வங்கி, விமானச் சீட்டு என்று எல்லா இடமும் பரவிவிட்டார். நடுவில் நீதான் இல்லை.

சாமுவேலுக்குப் பெடியன் பிறந்திருக்கிறான். பெயர் வைக்க என்னைக் கேட்டு போன் எடுத்தான்.

"எங்கடை முறைப்படி எண்டால் பின்னாலை என்ரை பேர் வரும் அங்கிள். இஞ்சத்தை முறைப்படி மெஹாரி. எது நல்லம்?"

"ரெண்டிலையும் உன்ரை அப்பர் எங்கையடா?" என்றேன்.

போனுக்குள் பிள்ளையைத் தோள் மாற்றுகிற சத்தம் கேட்டது.

"அப்ப அவரை முன்னாலை வைக்கிறன்," என்றான்.

யோனாஸ் மெஹாரி. உன் பழைய அட்டையை அப்படியே அவன் சட்டையில் குத்தலாம்.

அவனை யோனாஸ் என்றுதான் கூப்பிடுவேன், இது சத்தியம். மெஹாரியை உனக்கென்று வைத்துக்கொள்கிறேன்.

நேற்று ஞானஸ்நானம். கேக் என் பொறுப்பு. நோர்பரியில் எங்கள் ஆட்களின் கேக் கடைக்குப் போன் பண்ணினேன். "என்ன பேர் அண்ணை?" என்றான் கடைக்காரன். கேக் எடுக்க வருகிறவனைக் கேட்கிறான் என்று என் முழுப்பெயரும் சொன்னேன். மண்டபத்தில் பெட்டியைத் திறந்தால், இடம் காணாமல் முதல் பெயரை மட்டும் எழுதியிருந்தார்கள். நீல ஐசிங், பெரிய ஆங்கில எழுத்து. உன் சொந்தக்காரப் பெண்கள் அதை வாசித்துவிட்டு, பிள்ளையை மடி மாற்றி மாற்றி, செல்லையா, செல்லையா என்று பின்னேரம் முழுக்கக் கொஞ்சினார்கள்.

நான் திருத்தவில்லை.

இந்த முனையில் நிற்கும் உன் அண்ணை,
செல்லையா