மேனேஜர் கொடுத்த சிவப்பு ஒயின்

டிச. 22, திங்கள்
காலையிலிருந்து மூட்டம். களம் முழுக்க ஈரம், காப்பிக்கொட்டையைக் காய விரிக்க வழியில்லை. தார்ப்பாய் இரண்டு கிழிசல், ஆபீசில் சொல்லணும்.

சளி மூன்றாம் வாரம். நொச்சி போட்டு ஆவி பிடித்தாயிற்று, மிளகுக் கசாயம் ஆயிற்று. தொட்டியில் புளிக்கிற காப்பிக்கொட்டையை மோந்து பார்த்து ‘இப்போ கழுவு’ என்று சொல்லத்தான் எனக்குச் சம்பளம். போன வாரம் இரண்டாம் தொட்டி நாறிப்போனதை மேனேஜர் வந்து சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அத்தனை ஆட்கள் முன்னால். “மூக்கு சரியாகலைன்னா தொட்டிய மாணிக்கம் பார்க்கட்டும் சூசை, நீங்க களத்தப் பாருங்க” என்றார். நல்ல மனுஷன், மெதுவாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் எரிகிறது.

டிச. 23
டவுனில் வாங்க: மிளகு, ரீஃபைண்டு எண்ணெய், கேக்குக்கு முந்திரி, தம்ளர் 4. வீட்டுக்காரி ரோசலின் சொன்ன தையல் நூல் மறந்துவிட்டது. திட்டு.

சாயங்காலம் மேனேஜர் கூப்பிட்டு, பேப்பரில் சுற்றி ஒரு பாட்டில் கொடுத்தார். சிவப்பு ஒயின். அவர் தம்பி வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது, ஒரே பெட்டியில் இரண்டு. “ஒண்ணு எனக்கு, ஒண்ணு உங்களுக்கு. பண்டிகைக்குத் திறந்து பாத்துட்டு எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க.” லேபிளில் அரண்மனை மாதிரி ஒரு வீடு. எனக்கு அவர் மேல் இருந்த கோபம் பாதி போய்விட்டது.

டிச. 25
நடுராத்திரிப் பூசைக்குப் போய் வந்து படுத்தது கொஞ்ச நேரம்தான். குளிர். மத்தியானம் பன்றிக்கறி. ரோசலினின் தம்பி அந்தோணி வாழவந்தியிலிருந்து வந்திருந்தான்.

பாட்டிலைத் திறக்கிறதுக்குள் உயிர் போயிற்று. கார்க்கில் மர ஸ்க்ரூவை முறுக்கி, குறடு போட்டு இழுத்து, அந்தோணி பாட்டிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு. ஊற்றி மோந்தேன். நனைந்த கோணிச்சாக்கு. வாயில் வைத்தால் திராட்சையும் இல்லை ஒன்றும் இல்லை, சப்பென்று ஒரு துவர்ப்பு.

ரோ.: “ஏனுங்க, கசாயமாட்டமில்ல இருக்குது. சக்கரை போடட்டுங்களா?”
அந்தோணி: “ஃபாரின் சரக்குன்னா இப்படித்தான் மச்சான். நமக்குத்தான் பழக்கமில்லீங்க.” முகத்தைச் சுளித்துக்கொண்டே மூன்று தம்ளர் குடித்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு ‘ஃபர்ஸ்ட் கிளாஸ்’.

பிறகு ரோசலின் பீங்கான் பரணியில் போட்ட திராட்சை ஒயின். கிராம்பு, பட்டை வாசம் நன்றாக வந்தது. ஆனால் வருஷா வருஷம் அதைத்தானே போடுகிறாள்? மோந்து தெரிந்ததா, தெரிந்ததை மோந்தேனா? பாட்டில் கெட்டதா, என் மூக்கு கெட்டதா? பண்டிகையே ருசிக்கவில்லை.

டிச. 26
விடவில்லை. தம்ளரை வெந்நீரில் கழுவித் துடைத்து மறுபடி ஊற்றினேன். அதே நாற்றம். பீரோவில் இருந்த தம்ளரின் நாற்றமில்லை என்று ஆயிற்று. ஒரு ராத்திரி திறந்து கிடந்தும் குறையவில்லை, கூடித்தான் இருக்கிறது. கிடங்கிலிருந்து ஒரு கோணித்துண்டு கொண்டுவந்து நனைத்துப் பக்கத்தில் வைத்து மோந்தேன். அண்ணன் தம்பி.

கடைசியாகக் கண்ணை மூடி உட்கார்ந்து ரோசலினை மூன்று தம்ளர் மாற்றி மாற்றி நீட்டச் சொன்னேன். எங்கள் ஒயின், மேனேஜர் ஒயின், வெறும் தண்ணீர். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. “பேரன் எடுக்கற வயசுல கண்ணாமூச்சி வெளையாடறீங்க” என்று அவள் சிரித்தாள். சிரிக்கட்டும். மூக்கு இருக்கிறது! பாட்டில்தான் கெட்டது! வாய்விட்டு ஸ்தோத்திரம் சொன்னேன்.

மாலை மேனேஜர், பழத்தோல் உரிக்கிற பல்ப்பர் ஹவுசுக்கு வந்தார். “ஒயின் எப்படி இருந்துச்சுங்க சூசை?”
“நொம்ப அருமைங்க.”
வேறென்ன சொல்வது? ஆசையாகக் கொடுத்தவரிடம் ‘நாறுது’ என்றா? “அப்படிங்களா” என்று ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

டிச. 27
எழுதவே கை வரவில்லை.

மேனேஜர் சொன்னது அப்படியே: “என் பாட்டில் திறந்த ஒடனே ஈரச்சாக்கு நாத்தம் சூசை. கீழ ஊத்திட்டேன். ரெண்டும் ஒரே பெட்டி. உங்களுக்கு அருமையா இருந்துச்சுன்னா மூக்கு இன்னும் வரலைன்னு அர்த்தம். கோவிச்சுக்காதீங்க, இனிமே தொட்டிய மாணிக்கம் பார்க்கட்டும்.”

எனக்கும் நாறுச்சுங்க என்று இப்போது சொன்னால் எவன் நம்புவான்?

வீட்டுக்கு ஓடினால் பாட்டில் காலி. ரோசலின் பின்னால் சாக்கடையில் ஊற்றிவிட்டாள். “கெட்டுப்போனதுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க? கெட்டத எத்தன நாளைக்கு ஊட்ல வெச்சிருக்கறது?” கத்தினேன். பாவம், அவள் என்ன செய்வாள். மிச்சம் கார்க் மட்டும், குறடு வைக்கிற டப்பாவில்.

டிச. 28, ஞாயிறு
தூறல். பூசை முடிந்து நேரே மேனேஜர் பங்களா. கார்க்கை நீட்டினேன். மோந்து பார்த்தார்.

“சாக்குதான். அப்புறம் எதுக்குங்க அருமைன்னீங்க?”
“நீங்க ஆசையாக் குடுத்ததுங்க. குறை சொல்ல வாய் வரலீங்க.”
“தொட்டியும் என்னுதுதான். அது கெட்டாலும் அருமைன்னுதான் சொல்வீங்களா?”

கார்க்கைத் திருப்பிக் கொடுத்தார். தொட்டி எனக்கா மாணிக்கத்துக்கா, ஒன்றும் சொல்லவில்லை. வழியெல்லாம் அவரோடு சண்டை போட்டுக்கொண்டே நடந்தேன், மனதுக்குள். ஜெயித்தது அவர்தான்.

டிச. 29
கொஞ்சம் வெயில். களத்தில் விரித்துக்கொண்டிருந்தேன். முதல் தொட்டிக்குக் கூப்பிட்டார்கள். மேனேஜரும் மாணிக்கமும். சனிக்கிழமையே மாணிக்கம் கழுவலாமா என்று கேட்டதும், “குளிருக்கு மெதுவாத்தான் புளிக்கும், திங்கக்கிழமை பாத்துக்கலாம்” என்று மேனேஜர் சொன்னதும் எல்லோருக்கும் தெரியும். மாணிக்கம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“எப்படி இருக்குதுங்க சூசை?”

குனிந்து ஒரு பிடி அள்ளினேன். காடி நெடி. அதற்கடியில் அழுகின வெங்காய வாடை.

“கெட்டுப்போச்சுங்க. நேத்தே கழுவியிருக்கோணும். நீங்கதான் வேண்டாம்னீங்க.”

மாணிக்கம் நிமிர்ந்து பார்த்தான். மேனேஜரும் ஒரு பிடி அள்ளி மோந்தார். கையை உதறினார்.

“தண்ணியத் தெறந்து விடுங்க” என்றார். மாணிக்கத்தை அல்ல, என்னைப் பார்த்து.