கனடா போய் வந்த சுண்டுவிரல்

அன்பு மகள் மெர்வயித்துக்கு அம்மா எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் அப்பாவும் சுகம், உன் சுகத்துக்கே தினமும் துஆ. நம் ஊர் ஜார்கென்டில் இந்த வருஷம் ஆப்ரிகாட் கிளை முறியக் காய்த்திருக்கிறது, முழங்கால் வலியோடு உன் அப்பா ஏணியில் ஏறுகிறார், சொன்னால் கேட்டால்தானே.

உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்கு எதுவும் ஓடவில்லை. வகுப்பில் நாலே பேர், அதில் ஒருவர்கூட நம் உய்கூர் பிள்ளை இல்லை, யாருக்காக இந்தத் துதார் இசையைச் சொல்லிக்கொடுக்கிறேன், பல்கலைக்கழக வேலையையே விடப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். என்ன பதில் எழுதுவது என்று நான் விழித்துக்கொண்டிருக்கும்போதுதான் உன் மாணவி கிளேர் கனடாவிலிருந்து துதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். உப்புப் போட்ட பால் தேநீரை முகம் சுளிக்காமல் குடித்தாள், பிழைத்துக்கொள்வாள். வெள்ளிக்கிழமை பெண்களின் தேநீர்க் கூட்டம் நம் வீட்டில். ஹெல்சம் அக்காவின் வாய்தான் உனக்குத் தெரியுமே, "ஏன்டி சனுபெர், இந்த மஞ்சமுடிக்காரிக்கா உன் மக நம்ம பாட்டச் சொல்லிக்குடுக்குறா? மாட்டுக்குச் சொல்லிக்குடுத்தாலும் தலைய ஆட்டுமே!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத் திக்கென்றது, கிளேர் சொதப்பினால் உன் மானமுமல்லவா போகும். பூ வைத்த கிண்ணத்தை அவள் கையில் கொடுத்துவிட்டார்கள், வாங்கியவர் வாசிக்காமல் தப்ப முடியுமா. வாசித்தாள் மகளே. தந்தி அடிக்கிற கையில் சுண்டுவிரலை மட்டும் உள்ளே மடக்கிக்கொண்டு வாசித்தாள்.

சிரிப்பு நின்றுபோனது. எல்லோரும் அவள் கையைப் பார்க்கிறார்கள், என் கையைப் பார்க்கிறார்கள். தந்தூரில் ரொட்டி ஒட்டும்போது வெந்து மடங்கிப்போன விரல் எனக்கு, என்னிடம் துதார் பழகும்போது அதைப் பார்த்து நீயும் மடக்கினாய், நேராக்குடி என்று எத்தனை திட்டியிருப்பேன். ஏன் அப்படி மடக்குகிறாய் என்று கிளேரிடம் கேட்டதற்கு, திக்கித் திணறி நம் மொழியிலேயே, "எங்க டீச்சர் இப்படித்தான் சொல்லிக்குடுத்தாங்க, இதுதான் ஜார்கென்ட் முறையாம்" என்றாள். வீடே அதிரச் சிரித்தோம். ஹெல்சம் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடிப்பாவி, உன் சூட்டுக்காயம் கடலத் தாண்டிப் போயிட்டு வந்திருக்குடி" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். நான் அழுதுவிட்டேன். உன்னைப் பெற்றதற்கு அல்லாஹ்வுக்கு எப்படி நன்றி சொல்வேன்.

கிளேரிடம் காய்ந்த ஆப்ரிகாட் கொடுத்துவிட்டிருக்கிறேன், ஊறவைத்துச் சாப்பிடு, குளிரில் தலையை மூடாமல் வெளியே போகாதே. உன் கைக்கும் குரலுக்கும் அல்லாஹ் பரக்கத் தரட்டும். அவள் விரலை நான் நேராக்கவில்லை, நீயும் நேராக்காதே. நாலே பேர்தான் என்று குறைப்பட்டுக்கொள்கிறாயே, நான் சொல்லிக்கொடுத்தது உன் ஒருத்திக்குத்தான்.

உன் அம்மா,
சனுபெர்