பெட்ஷீட்டைப் பார்த்து மாஷா அல்லாஹ் சொன்ன மகனுக்கு

பதுளை,
ஞாயிற்றுக்கிழமை, லுஹர் தொழுத பிறகு

என் அன்பு மகன் ஷிபானுக்கு உம்மாவின் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், வாப்பாவின் முழங்காலைத் தவிர, அது அவரைப் போலவே சொல் கேட்பதில்லை. நீங்களும் தோஹா வெயிலில் கருகிப் போகாமல் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். வட்ஸ்அப் இருக்கும்போது என்னத்துக்குக் கடிதம் என்று கேட்பீர்கள். நான் அனுப்பும் வொய்ஸை நீங்கள் இரட்டை வேகத்தில் ஓட்டிக் கேட்கிறீர்களாம், உங்கள் தங்கச்சி பஸ்லியா போட்டுக் கொடுத்துவிட்டாள். கடிதத்தை அப்படி ஓட்ட ஏலாது. பக்கத்து வீட்டு ஹுமைத் லீவு முடிந்து தோஹாவுக்குத் திரும்புகிறார், அவருக்கெல்லாம் லீவு கிடைக்கிறது, அவர் கையில் இதையும் மாசிச் சம்பல் போத்தலையும் கொடுத்தனுப்புகிறேன். போத்தலைத் திறக்க முன்னம் கடிதத்தைத் திறவுங்கள்.

சின்னத் தங்கச்சி ஸிஹாமாவின் கல்யாணத்துக்கு வர ஏலாது என்று நீங்கள் சொன்னதிலிருந்து இந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை, வாப்பாவுக்கு மட்டும் இறங்குகிறது. பஸ்லியாவின் கல்யாணத்துக்கும் இதே கதைதான். தங்கச்சிமார் இரண்டு பேருக்கும் ஒரே ஒரு நாநா, இரண்டு கல்யாணத்துக்கும் இல்லை. உங்களைக் குறை சொல்லவில்லை மகன், உங்கள் கம்பனிக்காரனை நான் தொழுகைப் பாயில் உட்கார்ந்து என்ன சொல்கிறேன் என்பது அல்லாஹ்வுக்கு மட்டும் தெரியும். ஆனால் பஸ்லியாவின் கல்யாணத்தன்று நடந்ததை நான் மறக்கவில்லை. பெண் இருக்கும் அறைக்குள் அந்நிய ஆம்பிளைக்கு இடமில்லை, முற்றத்தில் நிற்பவர்கள் எட்டிப் பார்க்கக் கூடாதென்று ஜன்னலையெல்லாம் வாப்பாவின் கடையில் விலை போகாமல் கிடந்த மெரூன் திரைத்துணியால் மூடினோம், பண்டாரவளையிலிருந்து வந்த ஸ்டூடியோக்காரர் வாசலில் நின்று செருப்புகளைத்தான் படம் பிடித்தார். நான் அந்த இருட்டறையில் என் போனில் எடுத்து உங்களுக்கு அனுப்பினேன், நீங்களும் உடனே ‘மாஷா அல்லாஹ், தங்கச்சி என்ன அழகு’ என்று எழுதினீர்கள். படத்தில் கொஞ்சமாவது தெரிந்தது நாற்காலியில் கிடந்த பெட்ஷீட், மகன். பஸ்லியா சிரியோ சிரியென்று சிரித்து அப்படியே அழுதுவிட்டாள், கண் மை கன்னமெல்லாம் வழிந்தது, அதையும் எடுத்தேன், அதுவும் விழவில்லை.

இப்போது ஸிஹாமா என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். “நாநா வராட்டிப் பரவால்ல உம்மா, என்ட கல்யாணத்துலயும் பெட்ஷீட்டைக் காட்டி அவர ஏமாத்திராதீங்க” என்றாள். அதனால்தான் கெமரா வாங்கப் புறப்பட்டேன். எந்தக் கெமரா நல்லதென்று நீங்கள் அனுப்பிய வீடியோக்களையெல்லாம் பார்த்தேன், அதில் வரும் மஞ்சள் முடிக்காரன் ராத்திரித் தெருவில் கலர் விளக்குக்குக் கீழே நின்று இருட்டு இருட்டு என்கிறான், அது இருட்டென்றால் நம் வீட்டுப் பெண் அறையை என்னவென்று சொல்வது. வாப்பாவின் கடைக்கு எதிரே போன் கடை வைத்திருக்கும் மபாஸ் இரண்டு கெமரா காட்டினார். ஒன்று புத்தம் புதிது, பெட்டியில் மெகாபிக்சல் கொட்டை எழுத்தில் இருந்தது, லென்ஸ் யானைத் தும்பிக்கை மாதிரி நீளும். மற்றது யாரோ பாவித்தது, மூலை தேய்ந்தது, லென்ஸ் கட்டை, நீளவும் மாட்டாது, கிட்டப் பார்க்க வேண்டுமென்றால் நாம்தான் நடக்க வேண்டும். கடை வெளிச்சத்தில் இரண்டும் ஒன்று போலத்தான் எடுத்தது, நானும் புதியதற்குக் கை நீட்டிவிட்டேன். அப்போதுதான் மெரூன் துணி ஞாபகம் வந்தது. பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று இரண்டையும் எடுத்துக்கொண்டு வாப்பாவின் கடைப் பின்னறைக்குப் போய், அதே துணியை ஜன்னலில் தொங்கவிட்டு, அவரை நடுவில் உட்கார வைத்தேன். “கபுருக் குழிக்குள்ள வெச்ச மாதிரி ஈக்கி, இதுக்குத்தானா என்னக் கட்டின” என்று கத்தினார். புதியதில் அவர் தாடி முழுக்க ரவை கொட்டிய மாதிரிப் புள்ளி. பழையதில் அவர் கண்ணிமையும் தெரிந்தது, மத்தியானம் தின்ற பருப்புக் கறி சட்டையில் பட்டதும் தெரிந்தது. பழையதன் லென்ஸ் வாய் அகலமாகத் திறப்பதால் வெளிச்சம் கூடுதலாக உள்ளே போகிறது, மெகாபிக்சல் இருட்டில் சோறு போடாது என்று மபாஸ் சொன்னார். என் சீட்டுக் காசில் பழையதையே வாங்கிவிட்டேன், வாப்பாவுக்குப் பாதி விலைதான் சொல்லியிருக்கிறேன், கேட்டால் நீங்களும் ஆமாம் என்று சொல்லுங்கள்.

இனித் துணிக்கு வருகிறேன். மெரூனை விட்டு மெல்லிய வெள்ளைத் துணியை இரண்டு மடிப்பாகக் கட்டினால் ஆளை மறைக்கும், வெளிச்சத்தை மறைக்காது என்றேன். “என்ட மெரூனுக்கு என்ன கொற” என்று வாப்பா முறைத்துக்கொண்டார். அன்று மெரூனுக்குள் ரவை கொட்டிய மாதிரி விழுந்த அவர் படத்தைக் காட்டினேன், கண்ணாடியைப் போட்டு வெகு நேரம் பார்த்தார், பிறகு “ஷிபானுக்கும் இப்பிடித் தெரியுமா” என்று மட்டும் கேட்டார். அடுத்த நாள் கடையிலிருந்து வெள்ளைத் துணி வீட்டுக்கு வந்துவிட்டது. நானும் முழங்கையை விலாவோடு ஒட்டி, பிஸ்மி சொல்லி, மூச்சைப் பிடித்து வீடியோ எடுத்துப் பழகுகிறேன், கோழிகள் எல்லாம் அழகாக விழுகின்றன.

நேரத்துக்குத் தின்னுங்கள், தொழுகையை விடாதீர்கள், அல்லாஹ் உங்கள் உழைப்பில் பரக்கத்தைப் போட்டு, உங்களை முழுசாக என் கண்ணில் காட்டட்டும். மறக்க வேண்டாம் ஒன்று. தாலி கட்டி முடிந்ததும் ஸிஹாமா தலையை நிமிர்த்தி லென்ஸைப் பார்ப்பாள், அங்கே நாநா நிற்கிறார் என்று நினைத்துக்கொள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஆகவே அந்த வீடியோ வரும்போது சாரம் கட்டியபடி கட்டிலில் படுத்துக்கொண்டு பார்க்கக் கூடாது, இரட்டை வேகத்தில் ஓட்டவும் கூடாது. குளித்து, நல்ல ஷேர்ட் போட்டு, அத்தர் பூசி, எழும்பி நின்று பாருங்கள் மகன். அவள் பார்ப்பது உங்களைத்தான்.

இப்படிக்கு,
கெமராக்கார உம்மா
மர்லியா புஹாரி