ஒரு சாண் காணி

12.02.2025, புதன்
பதினாறு வருடங்களாகப் படைமுகாமுக்குள் கிடக்கும் எங்கள் காணிகளுக்காகக் கிளிநொச்சியில் கூட்டம். சட்டத்தரணி தேனுகா நன்றாக விளக்கினார். ஓர் அரசு பிழை செய்தால், சர்வதேசச் சட்டப்படி, பிழைக்கு முன்னர் இருந்தபடியே எல்லாவற்றையும் திருப்பித் தரவேண்டுமாம். முடியாவிட்டால்தான் நட்டஈடு. மன்னிப்பும் கேட்கவேண்டுமாம்.

“முன்னம் இருந்தது எல்லாமோ?” என்று கேட்டேன்.

“ஓம் அக்கா, எல்லாம்.”

அப்படியென்றால் பக்கத்துக் காணி நல்லதம்பி அண்ணையோடு இருந்த வேலிச் சண்டையும் வருமோ? வேலி அடைக்கும்போதெல்லாம் கதியால் தடிகளை ஒரு சாண் எங்கள் பக்கம் தள்ளி நடுகிற மனிதர். முன்கதிரையில்தான் இருந்தார்.

03.04.2025, வியாழன்
பூநகரிப் பக்கம் மாற்றுக்காணி தருகிறார்களாம். முகாமுக்குள் மிஞ்சியிருப்பது என்னுடைய காணியும் நல்லதம்பி அண்ணையுடையதும்தான். ஒருவர் சம்மதித்துக் கையெழுத்து வைத்தாலும் மற்றவர் காணி கேட்டுப் போட்ட மனு பலமிழந்துவிடும் என்கிறார் தேனுகா. நல்லதம்பி அண்ணை வைக்கப்போகிறாராம்!

இந்த மனுசனுக்கு என்ன விசரோ? என்ர வீடு, கிணறு எல்லாம் அங்கையெல்லோ கிடக்கு!

04.04.2025
ஸ்கந்தபுரத்தில் அவருடைய மகள் வீட்டுக்குப் போய்க் கெஞ்சினேன். “எழுபத்தொரு வயசு பிள்ளை. களைச்சுப்போனன்,” என்றார். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் எழும்பும்போது சொன்னேன்:

“சரி அண்ணை, வையுங்கோ. என்ர காணி வந்தால் வேலியை உங்கட மாமரத்துக்கு அங்கால போடுறன். கேக்க ஆள் இராதுதானே.”

தேத்தண்ணிக் கோப்பையை டக்கென்று வைத்தார். “என்ர மாமரமோ? நான் உயிரோட இருக்கேக்கையோ?”

05.04.2025
கையெழுத்து வைக்கவில்லையாம்.

20.08.2025, புதன்
படையினர் காணிகளை விட்டுவிட்டார்கள்! வீட்டுக்குக் கூரை இல்லை. கிணறு இருக்கிறது, மாமரமும். வேலி இருந்த இடத்தில் கரப்பந்து விளையாடியிருக்கிறார்கள். தந்த கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். மன்னிப்பு என்ற சொல் எங்கேயும் இல்லை. அதற்கும் மனு எழுதத் தேனுகாவிடம் சொல்லிவிட்டேன்.

09.11.2025, ஞாயிறு
மழை விழுந்ததும் நல்லதம்பி அண்ணை கதியால் நட்டுவிட்டார். சாண் வைத்து அளந்தேன். சரியாக ஒரு சாண், எங்கள் பக்கம்! கத்தினேன். அவரும் கத்தினார். ஒழுங்கையே கூடிவிட்டது.

புதுத் தகரம் போட்ட குசினிக்குள் வந்து, சிரித்துச் சிரித்து அழுதேன். பிறகு தேனுகாவுக்குப் போன் எடுத்தேன்.

“எல்லாம் திரும்பி வந்திட்டுது பிள்ளை. மன்னிப்பு மட்டும்தான் பாக்கி.”

கதியாலைப் பிடுங்கவில்லை. நாளைக் காலை போய் இன்னொரு தரம் கத்தவேண்டும்.